ஒரே நீளம், இரண்டு வரி: வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: வீட்டில் நான், மனைவி, கல்லூரியில் படிக்கும் மகன், 72 வயது அம்மா. மாருதியின் ஃப்ரான்க்ஸா, பிரெஸ்ஸாவா என்பதில் மூன்று மாதமாகக் குழப்பம். தினமும் ஊருக்குள் ஓட்டம், மாதம் ஒருமுறை பழநி. அம்மாவுக்கு மூட்டுவலி. மகன் சன்ரூஃப் கேட்கிறான். ஒரே கம்பெனி, ஒரே நீளம். விலையில் மட்டும் ஏன் இத்தனை வித்தியாசம்?
(திருப்பூர் வாசகர்)

பதில்: நீளம் ஒன்றுதான். இரண்டும் 3,995 மில்லிமீட்டர். நான்கு மீட்டருக்கு ஐந்து மில்லிமீட்டர் குறைத்து நிறுத்தியிருப்பது தற்செயல் அல்ல; அந்தக் கோட்டுக்குள் இருந்தால்தான் சிறிய கார் என்ற வரிச்சலுகை. ஆனால் சலுகைக்கு நீளம் மட்டும் போதாது, பெட்ரோல் இன்ஜின் 1,200 சிசிக்குள் அடங்க வேண்டும். ஃப்ரான்க்ஸில் இருப்பது 1,197 சிசி, அல்லது 998 சிசி டர்போ. பிரெஸ்ஸாவில் 1,462 சிசி. எனவே 2025 செப்டம்பர் 22 முதல் ஃப்ரான்க்ஸுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், பிரெஸ்ஸாவுக்கு 40 சதவீதம். வரிக்கு முன் 7 லட்சம் ரூபாய் பெறும் கார் என்று வைத்துக்கொண்டால் ஒன்றுக்கு வரி 1.26 லட்சம், மற்றதற்கு 2.80 லட்சம். 2016-இல் பிரெஸ்ஸா 1.3 லிட்டர் டீசல் இன்ஜினோடு வந்தது. டீசலுக்கு வரம்பு 1,500 சிசி என்பதால் அந்த நீளத்துக்கு அப்போது பலன் இருந்தது. 2020-இல் டீசல் போய்விட்டது. நீளம் மட்டும் தங்கிவிட்டது.

தமிழ்நாட்டில் அடுத்த அடி ஆயுள்கால வரி. 2023 நவம்பரிலிருந்து 5 முதல் 10 லட்சம் வரையிலான காருக்கு 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டினால் 18. தாண்டிய தொகைக்கு மட்டுமல்ல, மொத்த விலைக்கும். ஷோரூம் விலை 9.90 லட்சம் என்றால் 1,28,700 ரூபாய், 10.50 லட்சம் என்றால் 1,89,000. விலையில் அறுபதாயிரம் ஏறினால் வரியிலும் அறுபதாயிரம் ஏறுகிறது. பிரெஸ்ஸாவில் சன்ரூஃப் உள்ள வேரியன்ட்டுகள் அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் நிற்கின்றன. ஃப்ரான்க்ஸில் சன்ரூஃபே கிடையாது. சித்திரை வெயிலில் திருப்பூரில் கூரையைத் திறந்து வைத்து மகன் எதைப் பார்க்கப்போகிறான் என்று அவனிடமே கேளுங்கள். போதாக்குறைக்கு 10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஒரு சதவீதம் டிசிஎஸ், அதாவது விற்பவரே வசூலித்துக் கட்டும் வருமானவரி, பிடிப்பார்கள். அது வருமானவரிக் கணக்கில் திரும்ப வரும். ஆனால் நீங்கள் கணக்குத் தாக்கல் செய்தால்தான் வரும்.

இனி உங்கள் வீட்டுக் கதை. மூன்று மாதக் குழப்பத்துக்கு விடை உங்கள் கடிதத்திலேயே, அம்மாவின் மூட்டில் இருக்கிறது. ஃப்ரான்க்ஸின் உயரம் 1,550 மில்லிமீட்டர், பிரெஸ்ஸா 1,685. ஃப்ரான்க்ஸ், மாருதியின் பலேனோ காரை உயர்த்திச் செய்தது. கூரை பின்பக்கம் சரிந்து இறங்குகிறது. பின் கதவைத் திறந்து ஏறும்போது தலையைக் குனிந்து, முழங்காலை மடித்து, இடுப்பைத் திருப்பி என மூன்று வேலையையும் ஒன்றாகச் செய்ய வேண்டும். பிரெஸ்ஸாவில் இருக்கை ஏறக்குறைய இடுப்பு மட்டத்தில் வருவதால் முதலில் உட்கார்ந்துவிட்டு, பிறகு காலை உள்ளே எடுத்துக்கொள்ளலாம். அம்மாவை ஷோரூமுக்கு அழைத்துப் போய் இரண்டிலும் பின்னிருக்கையில் ஏறி இறங்கச் சொல்லுங்கள். ஏறுவதை அல்ல, இறங்குவதைப் பாருங்கள். கை எதைத் தேடிப் பிடிக்கிறது என்று கவனியுங்கள். ஃப்ரான்க்ஸ் மாருதியின் நெக்ஸா ஷோரூமில், பிரெஸ்ஸா அரீனா ஷோரூமில் விற்கிறது. ஒரே கூரையின் கீழ் இரண்டையும் காட்டமாட்டார்கள், ஒரு கடைக்காரர் மற்றதைப் பற்றி வாயே திறக்கமாட்டார். அன்றைக்கே இரண்டு இடத்துக்கும் போய்விடுங்கள்.

என் முடிவு: பிரெஸ்ஸா, மேனுவல் கியர், 10 லட்சத்துக்குள் நிற்கும் வேரியன்ட். 103 குதிரைத்திறன் என்று விற்பனையாளர் பெருமை பேசினால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பழநி அடிவாரம் வரை சமவெளிதான், கொடைக்கானலுக்கு ஏறுவதாக நீங்கள் எழுதவில்லை. அம்மா உடன் வராத வீடாக இருந்தால் யோசிக்காமல் 1.2 லிட்டர் ஃப்ரான்க்ஸ் மேனுவல் என்றிருப்பேன், மிச்சப் பணத்தை வங்கியில் போடச் சொல்லியிருப்பேன்.

கேள்வி: ஃப்ரான்க்ஸா, டொயோட்டா டைசரா?
(தஞ்சாவூர் வாசகர்)

பதில்: இரண்டும் ஒரே கார், முகமும் முத்திரையும் வேறு. எந்த சர்வீஸ் சென்டர் வீட்டுக்குப் பக்கமோ அது.

கேள்வி: போன வாரம் பிரெஸ்ஸா எடுத்தோம். வீட்டு கேட் ஆறடி. கார் நுழையும்போது கண்ணாடி தூணில் இடிக்கிறது. கம்பெனி காரைத் திருப்பி எடுத்துக்கொண்டு ஃப்ரான்க்ஸ் தருமா?
(கரூர் வாசகர்)

பதில்: தராது. பதிவான காரை எந்தக் கம்பெனியும் புடவை போல மாற்றித் தராது. பிரெஸ்ஸாவின் அகலம் கண்ணாடிகள் நீங்கலாக 1,790 மில்லிமீட்டர், உங்கள் கேட் 1,829. பக்கத்துக்கு இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லை. ஃப்ரான்க்ஸ் 1,765, அதுவும் கண்ணாடியை மடக்கித்தான் நுழையும். பன்னிரண்டு லட்சம் கொடுக்கத் துணிந்தவருக்கு ஓர் அளவு நாடா கிடைக்கவில்லையா? கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: இன்சூரன்ஸை எங்களிடம்தான் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தள்ளுபடி கிடையாது, டெலிவரியும் தாமதமாகும் என்கிறார் ஷோரூம் மேலாளர். அவர் கேட்பது 52,000. வெளியே அதே பாலிசி 36,000. கையாளும் கட்டணம் என்று தனியாக 8,500. கொடுக்கத்தான் வேண்டுமா?
(மதுரை வாசகர்)

பதில்: வேண்டாம். இந்தக் கடிதத்துக்காகத்தான் காத்திருந்தேன்.

புதிய காருக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மூன்று ஆண்டுக்குக் கட்டாயம். 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தப் பிரீமியத்தை அரசு நிர்ணயிக்கிறது: 1,000 முதல் 1,500 சிசி வரையிலான காருக்கு 2022 அறிவிப்பின்படி 10,640 ரூபாய். இதில் யாரும் ஒரு ரூபாய் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. மிச்சமெல்லாம் சொந்த வாகனச் சேதத்துக்கான ஓராண்டுப் பிரீமியமும் கூடுதல் காப்புகளும். 52,000-க்கும் 36,000-க்கும் இடைவெளி அங்கேதான், அதில்தான் ஷோரூமின் கமிஷனும் ஒளிந்திருக்கிறது. எந்த நிறுவனத்திடம், யார் வழியாக எடுப்பது என்பது முழுக்க உங்கள் விருப்பம். வெளியே வாங்கிய மேற்கோளை மேசையில் வைத்து, ‘கட்டாயம் என்பதை எழுதிக் கொடுங்கள், மின்னஞ்சலில் அனுப்புங்கள்’ என்று கேளுங்கள். எழுதித் தரும் மேலாளரை நான் இதுவரை பார்த்ததில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: இரண்டு மேற்கோளிலும் காரின் மதிப்பாகப் போட்டிருக்கும் ஐடிவி தொகையும் தேய்மானக் கழிவில்லாத காப்பும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். மலிவான பாலிசியில் அவற்றைக் குறைத்துப் போடுவது வெளிக்கடைக்காரரின் வித்தை.

கையாளும் கட்டணம் என்று சட்டத்தில் எதுவும் இல்லை. காரை விற்பனைக்குக் கொண்டுவந்து நிறுத்துவது அவர் தொழில். அதற்கான லாபம் ஷோரூம் விலையிலேயே அடக்கம். ‘ஆர்டிஓ செலவு’ என்று மொத்தமாக ஒரு தொகை போட்டிருந்தாலும் பிரித்துக் கேளுங்கள். காருக்குப் பதிவுக் கட்டணம் 600 ரூபாய், கடன் இருந்தால் அதைப் பதிய 1,500. பெரிய தொகை ஆயுள்கால வரிதான், அதற்கு அரசு ரசீது உண்டு. ரசீது வராத வரி எதையும் கட்டாதீர்கள்.

பிறகு ஷோரூம்கள் தலையில் கட்டும் ‘அத்தியாவசியத் தொகுப்பு’: மிதியடி, சேறு தடுப்பு, வாசனைப் புட்டி, பெயின்ட் கோட்டிங். கோட்டிங்கைப் பற்றி எனக்குத் தெரியும். ஏழு ஆண்டு பளபளப்பு என்ற அட்டையை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன், பளபளப்பு இரண்டாவது மழைக்காலத்தையே தாண்டவில்லை. அதோடு வாங்கிய, சிகரெட் லைட்டரில் செருகும் வாக்குவம் கிளீனர் கடலைத் தோலைக்கூட இழுக்காது.

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. ஜனவரியில் 9 லட்சம் ரூபாய்க்குப் புது கார் என்று எடுத்தேன். ஆர்சி வந்த பிறகுதான் போன ஆண்டு ஏப்ரலில் தயாரான கார் என்று தெரிந்தது. டெலிவரி அன்றே மீட்டரில் 340 கிலோமீட்டர் இருந்தது. ‘யார்டிலிருந்து ஓட்டி வந்தோம்’ என்றார்கள். கேட்கப் போனால் சிரிக்கிறார்கள்.
(விழுப்புரம் வாசகி)

பதில்: அம்மா, தவறு உங்களுடையது அல்ல. படிவம் 21 என்னும் விற்பனைச் சான்றிதழில் தயாரித்த மாதமும் ஆண்டும் இருக்கும். அதைப் பணம் வாங்கும் முன் உங்களிடம் காட்டியிருக்க வேண்டியது அவர்கள். பழைய இருப்பை விற்பது குற்றமல்ல. சொல்லாமல், அதற்கான தள்ளுபடியும் தராமல் விற்றதுதான் ஏமாற்று. 340 கிலோமீட்டர் ஓடியிருந்தால் அது வாடிக்கையாளர்களுக்கு ஓட்டிக் காட்டிய வண்டியோ என்று சந்தேகிக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. முதல் சர்வீஸ் புத்தகம், டெலிவரி அன்று எடுத்த படம், மீட்டர் தெரியும்படி ஏதாவது இருந்தால் பத்திரப்படுத்துங்கள். ஷோரூமுக்கும் கார் கம்பெனிக்கும் ஸ்பீடு போஸ்ட்டில் கடிதம் அனுப்புங்கள். 15 நாள் அவகாசம் கொடுத்து, விலைக்குறைப்பா மாற்று வண்டியா என்று கேளுங்கள். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியுங்கள்.

பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், ஷோரூம் சென்னையில் இருந்தாலும் அவர்கள்தான் விழுப்புரத்துக்கு வர வேண்டும். 5 முதல் 10 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் 200 ரூபாய். வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், ஆனால் ஆறப்போடாதீர்கள். கடித நகலை எனக்கும் அனுப்புங்கள்; வாசகத்தில் ஏதாவது விட்டுப்போயிருந்தால் சொல்கிறேன்.

கேள்வி: பழைய காரை விற்றுவிட்டேன். ஐந்து ஆண்டு கிளெய்ம் இல்லாமல் சேர்த்த போனஸ் அதோடு போய்விட்டதா?
(வேலூர் வாசகர்)

பதில்: போகவில்லை. போனஸ் காருக்கு அல்ல, உங்களுக்கு. பழைய இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் அதற்கான சான்றிதழ் வாங்குங்கள்; மூன்று ஆண்டுக்குள் புதுக் காரின் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50 சதவீதம் கழியும். ஷோரூம்காரர் தானாக இதைச் சொல்லமாட்டார்.

கேள்வி: டிசம்பரில் வாங்கினால் தள்ளுபடி அதிகமாமே?
(நாகர்கோவில் வாசகர்)

பதில்: அதிகம்தான். பத்து ஆண்டு ஓட்டுவதாக இருந்தால் டிசம்பரில் வாங்குங்கள். நான்கு ஆண்டில் விற்பவர் என்றால் ஜனவரியில், அந்த ஆண்டே தயாரான வண்டியாகப் பார்த்து வாங்குங்கள். பழைய கார் வியாபாரி முதலில் பார்ப்பது ஆர்சியில் இருக்கும் ஆண்டைத்தான்.