கடை இல்லாத பிளம்பருக்கு வாடிக்கையாளர் கிடைப்பது எப்படி?

கேள்வி: வேளச்சேரியில் பிளம்பிங் வேலை செய்கிறேன். கடை கிடையாது. நோட்டீஸ் கொடுத்தும் அழைப்பு வரவில்லையே?

பதில்: கூகுள் மேப்பில் தொழிலைப் பதிவு செய்யுங்கள், கட்டணம் இல்லை. வீட்டு முகவரியை மறைத்துவிட்டு, மடிப்பாக்கம், தரமணி, பள்ளிக்கரணை என நீங்கள் போய்வரும் பகுதிகளை மட்டும் கொடுங்கள். 20 வரை சேர்க்கலாம். பெயரோடு 'நம்பர் ஒன் பிளம்பர்' என்றெல்லாம் சேர்த்தால் பதிவே முடங்கக்கூடும். சரிபார்க்க கூகுள் வீடியோ கேட்டால் கருவிகள், வண்டி, பெயர் அச்சிட்ட பில்புக்கைக் காட்டுங்கள்.

ரிவியூதான் உயிர். வேலை முடிந்து, குழாயைத் திறந்து காட்டும் அந்த நிமிடமே வாட்ஸ்அப்பில் ரிவியூ எழுதும் லிங்க்கை அனுப்புங்கள். மறுநாள் என்றால் மறந்துவிடுவார்கள். ரிவியூவுக்குத் தள்ளுபடி தருவது கூகுள் விதிமீறல், வேண்டாம்.

வீட்டுக்காரரைக் கேட்டு, மோட்டார் ஸ்விட்ச் பக்கத்தில் உங்கள் எண்ணுள்ள ஸ்டிக்கர் ஒட்டுங்கள். தண்ணீர் ஏறாதபோது முதலில் கை போவது அங்கேதான்.