‘புல்லிங் மை லெக்’ போன்ற ஆங்கிலத் தொடர்களைத் தமிழில் எப்படிச் சொல்வது?

தொடரில் வரும் உடலுறுப்பை மறந்துவிட்டு, யார் யாரிடம் எந்தத் தொனியில் சொல்கிறார் என்று முதலில் பாருங்கள். கேலிக்கு ஆங்கிலம் காலை இழுக்கிறது. ஸ்பானிஷில் அது முடி, ஜெர்மனில் கை, பிரெஞ்சில் தலை. தமிழில் உறுப்பே தேவையில்லை: "என்ன, கலாய்க்கிறியா?" வழுக்குமிடம் "காலை வாராதே". கேலிக்கும் அதைச் சொல்வதுண்டு என்றாலும், எழுத்தில் துரோகம் என்ற பொருள்தான் முந்தும்.

‘கோல்டு ஃபீட்’ இன்னும் மோசம். "அவனுக்குக் கால் சில்லிட்டுப்போச்சு" என்றால் நம்மவர்கள் பிணத்தை நினைப்பார்கள். "கடைசி நேரத்துல உதறல் எடுத்துடுச்சு" என்று எழுதுங்கள்.

‘கோல்டு ஷோல்டர்’ கொடுத்தாள் என்பது "முகம் கொடுத்துப் பேசவில்லை". ‘ஆர்ம் அண்ட் எ லெக்’ விலை, "யானை விலை குதிரை விலை". ‘ஸ்கின் ஆஃப் மை டீத்’துக்கு "மயிரிழையில் தப்பினேன்" கச்சிதம், ஆனால் அந்தத் தொடரின் மூலமான பைபிள் வசனத்தை (யோபு 19:20) மொழிபெயர்க்கும்போது பல்லையும் தோலையும் விடமுடியாது.

உண்மையான தலைவலி, அடுத்த வரியிலேயே அந்தக் காலை வைத்து ஜோக் வரும்போதுதான். அங்கே கால் வரும் தமிழ்த் தொடர் ஒன்றைப் பிடித்து, பதில் வசனத்தையும் சேர்த்தே மாற்றி எழுதுங்கள். அடிக்குறிப்பு போட்டால் சிரிப்பு போய்விடும்.