ஹெட்மாஸ்டர் கையெழுத்து

கேள்வி: என் மாமனார் ஊர்ல ஹெட்மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். இப்போ அமெரிக்க சிட்டிசன், சன்னிவேல்ல எங்களோடதான் இருக்கார். அவர் பேருக்கு தபால் ஓட்டுச்சீட்டு வந்திருக்கு. கண் சரியா தெரியல, கை நடுங்குது, இந்த ஊர் அரசியலும் அவருக்குப் புரியாது. நானே ஃபில் பண்ணி, கையெழுத்தையும் போட்டு அனுப்பிடலாமா?
- ஒரு மாப்பிள்ளை, கலிஃபோர்னியா

பதில்: ஹெட்மாஸ்டர்னு போற போக்குல எழுதிட்டீங்க, அதுக்கப்புறம் எனக்கு மீதி கேள்வியே கண்ணுல படல. தபால் ஓட்டையும் ஹெட்மாஸ்டரையும் சேர்த்துப் பாத்தா எனக்கு ராதாபுரம் தொகுதிதான் ஞாபகம் வரும், இந்தப் பக்கத்தை ரெகுலரா படிக்கிறவங்க "ஆரம்பிச்சுட்டாருய்யா"ன்னு அடுத்த பக்கத்துக்குப் போயிடலாம், நான் சொல்லித்தான் தீருவேன். 2016 சட்டமன்றத் தேர்தல்ல அங்க அதிமுக இன்பதுரை திமுக அப்பாவுவை ஜெயிச்சது வெறும் 49 ஓட்டுல. செல்லாதுன்னு ஓரங்கட்டின தபால் ஓட்டு மட்டும் 203! என்ன குத்தம்? நம்ம ஊர்ல தபால் ஓட்டு போடறவர் கூடவே ஒரு உறுதிமொழி பாரத்துல கையெழுத்து போட்டு, அது அவர் கையெழுத்துதான்னு ஒரு கெஸட்டட் ஆபிசர்கிட்ட சான்று வாங்கணும். இந்த ஓட்டுக்கெல்லாம் சான்று போட்டவங்க ஹெட்மாஸ்டருங்க. அவங்க கெஸட்டட் ஆபிசர் இல்லையாம், தள்ளு! அப்பாவு கேஸ் போட்டார், 2019 அக்டோபர்ல ஹைகோர்ட் அந்த தபால் ஓட்டையும் கடைசி மூணு ரவுண்டையும் மறுபடி எண்ணுன்னு சொல்லிச்சு, எண்ணவும் எண்ணினாங்க, ரிசல்ட்டை வெளியில சொல்லாதேன்னு சுப்ரீம் கோர்ட் தடை போட்டுது, அதுக்குள்ள அந்த சட்டமன்றத்தோட ஆயுசே முடிஞ்சு அப்பாவு 2021ல அதே தொகுதியில ஜெயிச்சு சபாநாயகர் சீட்டுலயும் உக்காந்தாச்சு. (இதை எழுதினா ஒரு கோஷ்டி என்னை உடன்பிறப்புன்னு திட்டி கடிதம் போடும், இன்னொரு கோஷ்டி இன்பதுரை ஏஜென்ட்டுன்னு போடும். ரெண்டு பேருமே ஸ்டாம்ப் ஒட்டி அனுப்புங்க, போன தடவை ட்யூ கட்டினது நான்தான்.)

எனக்கு கட்சி பிரச்னை இல்ல சார். நம்ம ஊர்ல ஒரு தலைமுறைக்கே பிறந்த தேதியை முடிவு பண்ணினவர் ஹெட்மாஸ்டர். "எப்ப பொறந்தான்?" "அடைமழை பேஞ்ச வருஷம் சாமி." "சரி, ஜூன் 1ன்னு எழுதிக்கிறேன்." முடிஞ்சுது. அந்த தேதியை வெச்சுத்தான் ரேஷன் கார்டு, வேலை, பென்ஷன், பாஸ்போர்ட், அதைக் காட்டித்தான் பாதிப் பேர் அமெரிக்காவுக்கே வந்தாங்க. அப்பேர்ப்பட்டவர் கையெழுத்து ஒரு தபால் கவருக்குப் பத்தலையாம்.

சரி, உங்க விஷயம். ஃபில் பண்றது, கையெழுத்து போடறது ரெண்டையும் ஒரே மூட்டையா கட்டிட்டீங்க, ரெண்டும் வேற வேற. அமெரிக்காவுல வோட்டிங் ரைட்ஸ் சட்டம் 208ஆவது பிரிவு, 1982ல சேர்த்தது, கண் தெரியாதவர், உடம்பு முடியாதவர், எழுதப் படிக்க முடியாதவர் ஓட்டு போட தனக்குப் பிடிச்ச ஒருத்தரை உதவிக்கு வெச்சுக்கலாம்னு சொல்லுது. தேர்ந்தெடுக்கறது அவர். அவர் "மாப்பிள்ளை, நீங்க வாங்க"ன்னு கூப்பிட்டு, இதுல போடுங்கன்னு சொன்னா நீங்க தாராளமா வட்டத்தைக் கறுப்பாக்கலாம். அவர் சொன்ன வட்டத்தை மட்டும்.

இதுல யாரு உதவக்கூடாதுன்னா அவரோட முதலாளி, முதலாளியோட ஆளு, அப்புறம் அவரோட யூனியன் ஆளு. இங்கதான் நீங்க தப்பிச்சீங்க! காலையில பேரனை ஸ்கூல்ல விடறது, சாயங்காலம் கூட்டிட்டு வர்றது, நடுவுல டிஷ்வாஷர் காலி பண்றது, அமேசான்காரன் வந்தா கதவைத் திறக்கறது, இத்தனைக்கும் நீங்க மாசம் நூறு டாலர் சம்பளம்னு கொடுத்திருந்தா சட்டப்படி முதலாளி ஆகி பேனாவைத் தொட முடியாமப் போயிருக்கும். ஒரு சென்ட்கூட கொடுக்காததால தகுதி பெற்றீங்க. மாமனார் யூனியன் ஆரம்பிச்சா மட்டும் மறுபடி எழுதுங்க.

கையெழுத்துக்கு வாங்க. கூடாது. கூடவே கூடாது. பவர் ஆஃப் அட்டர்னி இருந்தாலும் கலிஃபோர்னியாவுல செல்லாது. அவர் பேரை நீங்க போட்டு ஓட்டை அனுப்பினா அது ஜெயில் வரைக்கும் போற குற்றம். போடவே முடியலன்னா ஒரு அடையாளம் வெச்சா போதும், பக்கத்துல ஒரு சாட்சி கையெழுத்து போடணும். சாட்சி கெஸட்டட் ஆபிசரா இருக்கணும்னு அங்க யாரும் கேக்கறதில்ல, குறிச்சுக்குங்க ராதாபுரம்காரங்களே. கை நடுங்கி கையெழுத்து கோணினாலும் உடனே தூக்கிப் போட்டுட மாட்டாங்க, ஒருத்தர் பாத்து சந்தேகப்பட்டா இன்னும் ரெண்டு அலுவலர் தனித்தனியா பாத்து வேற ஆள் கையெழுத்துதான்னு உறுதியா சொல்லணும், அப்பவும் சரிபண்ணிக்க வீட்டுக்கு நோட்டீஸ் வரும். நான் கணக்கு வெச்சிருக்கிற பேங்க்ல "ஸ்பெசிமன் சிக்னேச்சர் மேட்ச் ஆகல, பழைய மாதிரி போடுங்க"ன்னு கவுன்ட்டர்ல ஒரு பையன் சொல்றான், பழைய மாதிரி போட எனக்குப் பழைய வயசு வேணும்டா தம்பி.

அப்புறம் அந்த "அரசியல் புரியாது". இதுதான் எனக்கு உறுத்துது. 2024 நவம்பர்ல கலிஃபோர்னியா சீட்டுல மாநில அளவுல மட்டும் 10 ப்ராப்பொசிஷன் (ஜனங்களே வேணும், வேணாம்னு நேரா ஓட்டு போட்டு முடிவு பண்ற விஷயம்), அதுல ஒண்ணு பள்ளிக்கூடக் கட்டடங்களுக்கு 1000 கோடி டாலர் கடன் வாங்கற பாண்ட். ஒழுகுற கூரைக்கு டிஇஓ (மாவட்டக் கல்வி அதிகாரி) ஆபிசுக்கு நடையா நடந்த மனுஷனுக்கு இது புரியாது, உங்களுக்குப் புரியும், அப்படித்தானே? உங்க சான்டா கிளாரா கவுண்டியில தமிழ்லயே மாதிரி ஓட்டுச்சீட்டு கிடைக்கும், கேட்டு வாங்குங்க. அதுல டிக் பண்ணி அனுப்பினா எண்ண மாட்டாங்க, படிக்க மட்டும்தான். ஒண்ணு விடாம அவருக்குப் படிச்சுக் காட்டுங்க, உங்க அபிப்பிராயத்தை நடுவுல சொருகாம. முடியுமான்னு எனக்கு டவுட்டுதான், ஃபேமிலி வாட்ஸப் குரூப்ல "இவருக்கே போடுங்க"ன்னு ஃபார்வர்ட் பண்ற கோஷ்டியோட எனக்கு ரொம்ப நாள் தகராறு. கவரை மட்டும் நீங்க கொண்டுபோய் டிராப் பாக்ஸ்ல போடலாம், கொண்டுபோறவர் பேரை எழுத கவர்லயே இடம் இருக்கு.

ஒருத்தர் ஓட்டை இன்னொருத்தர் முழுசா போடறது இந்தியாவுல சட்டப்படி உண்டு, ஆனா ராணுவம் மாதிரி சர்வீஸ்ல இருக்கறவங்களுக்கு மட்டும். அவங்க முன்கூட்டியே ஒரு ப்ராக்ஸியை நியமிச்சு வெச்சா அவர் பூத்துக்குப் போய்ப் போடலாம். தன் சொந்த ஓட்டுக்கு ப்ராக்ஸிக்கு ஆள்காட்டி விரல் வேணுமே, அதனால ப்ராக்ஸி ஓட்டுக்கு மை வைக்கறது இடது கை நடுவிரல்ல. அந்த ஒத்தை விரலைத் தூக்கிக் காட்டி செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் வெச்சார்னா, சன்னிவேல்ல இருக்கிற சொந்தக்காரங்க என்னன்னு எடுத்துப்பாங்கன்னு தேர்தல் கமிஷன் யோசிச்ச மாதிரி தெரியல.