வெற்றுப் படங்கள் மட்டுமே, புலியைக் காணோம்

புலிக்காக நீங்கள் வைத்த தானியங்கி கேமராவில் வெற்றுப் படங்களே விழுகின்றன, அது கிழக்கே பார்த்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கேமராவை வடக்கே திருப்புங்கள். இமயமலைக் கணவாயில் காலை வெயில் நேரே விழுந்தால், காற்றில் ஆடும் சூடேறிய புல்லையே மிருகம் என்று எடுத்துக்கொண்டு, சூடும் அசைவும் கண்டால் படமெடுக்க வைக்கும் சென்சார் இப்படித்தான் வெற்றுப் படங்களாகச் சுட்டுத் தள்ளும்.

எதிரே உள்ள புல்லை வெட்டிவிட்டு, பெட்டியை முழங்கால் உயரத்துக்கு இறக்குங்கள். அப்புறம் கேமராவுக்கு முன்னால் நீங்களே தவழ்ந்து போய்ப் பாருங்கள், படம் விழ வேண்டும்.

பேட்டரி லித்தியம்தானே? அல்கலைன் அந்தக் குளிரில் சீக்கிரம் படுத்துவிடும்.

முடிந்தால் பாதையின் இருபுறமும் ஒவ்வொரு கேமரா வையுங்கள். புலியின் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் ஒன்றாக இருக்காது, தனித்தனிப் படங்களை வைத்து எண்ணினால் ஒரே புலி இரண்டாகிவிடும்.

இவ்வளவு செய்தும் வராமல் போகலாம், பூடானில் 4,000 மீட்டருக்கு மேலேயும் புலி பதிவாகியிருந்தாலும் அங்கெல்லாம் அபூர்வம்தான். சிக்கினால், இருப்பிடத் தகவலை நீக்காமல் படத்தை எங்கும் போடாதீர்கள், வேட்டைக்காரர்களும் பார்க்கிறார்கள்.