கேள்வி–பதில்: சாம்பல் ஏன் கல்லாகிறது?

கேள்வி: எங்கள் மீ தொழிற்சாலையில் சிறிய பாய்லர் ஒன்று ஓடுகிறது. இதுவரை செம்பனைக் கொட்டை ஓடுதான் எரித்தோம். ஓட்டின் விலை ஏறியதால் வெற்றுக் குலையில் (பழம் உதிர்த்த செம்பனைக் குலை) அழுத்திச் செய்த பெல்லட் என்ற சிறு உருளைகளுக்கு மாறினோம். நான்கு மணி நேரத்தில் கிரேட் (எரிபொருள் எரியும் கம்பித் தட்டு) முழுவதும் கல் கல்லாகக் கட்டிக்கொள்கிறது. சப்ளையரைக் கேட்டால், “சாம்பல் 5 விழுக்காடுதானே” என்கிறார். அவர் ஏமாற்றுகிறாரா? — வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: ஏமாற்றவில்லை. நீங்கள் சாம்பலின் அளவைக் கேட்டீர்கள், அவர் அளவைச் சொன்னார். அது எந்தச் சூட்டில் இளகும் என்று கேட்டிருக்க வேண்டும். நெல் உமியில் சாம்பல் 20 விழுக்காடு வரை இருக்கும். ஆனாலும் அவ்வளவு எளிதில் கட்டிப்படாது. அந்தச் சாம்பல் பெரும்பாலும் சிலிக்கா, அதாவது மணலில் இருக்கும் பொருள். தனி சிலிக்கா உருக 1,700 டிகிரி வேண்டும்.

வெற்றுக் குலையின் கதை வேறு. உலர்ந்த எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடு பொட்டாசியம் அதில் இருக்கிறது. ஓட்டில் மிகக் குறைவு. ஒரு காலத்தில் ஆலைகள் குலையை எரித்துச் சாம்பலைத் தோட்டத்துக்கு உரமாகப் போட்டது இந்தப் பொட்டாசியத்துக்காகத்தான். மண்ணுக்கு நல்லதாக இருப்பது உங்கள் கிரேட்டுக்கு எமன். பொட்டாசியம் நாரிலுள்ள சிலிக்காவோடும், ஆலை முற்றத்தில் ஒட்டிக்கொண்ட மணலோடும் சேர்ந்தால் 750 டிகிரியை ஒட்டியே கண்ணாடியாக இளகத் தொடங்கும். எரியும் படுகையோ 1,000 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும்.

கட்டி ஒன்றை ஆறவிட்டு உடைத்துப் பாருங்கள். உட்புறம் பச்சையும் சாம்பல் நிறமும் கலந்து கண்ணாடி போல் மின்னி, நடுவில் உருகாத மணல் துகள் தெரிந்தால் நான் சொன்னதுதான். கறுப்பாக, கையில் நொறுங்கினால் அது வேகாத கரி. காற்று போதவில்லை என்று பொருள். அதற்கு வைத்தியம் வேறு.

முதலில் கலவையை மாற்றுங்கள்: எடைக்கு நான்கு பங்கு ஓடு, ஒரு பங்கு பெல்லட். ஒரு வாரம் கட்டாமல் ஓடினால் மட்டும் பெல்லட்டைக் கூட்டலாம். எரிபொருளைக் குவியலாகக் கொட்டாமல் அடிக்கடி, மெல்லிய படுகையாகப் போடுங்கள். கிரேட்டுக்குக் கீழிருந்து வரும் அடிக்காற்றைச் சற்றுக் குறைத்து, படுகைக்கு மேலே விடும் மேல்காற்றைக் கூட்டினால், வாயு மேலே எரியும், படுகையின் சூடு இறங்கும். ஆனால் அடிக்காற்றை ஒரேயடியாக மூடிவிடாதீர்கள். கிரேட் கம்பியைக் குளிரவைப்பதும் அதுதான். அரை மணிக்கு ஒரு முறை கிளறிவிட்டால் கட்டி சிறிதாக இருக்கும்போதே விழுந்துவிடும். பெரிதாகிவிட்ட கட்டியின் மேல் சூட்டோடு தண்ணீர் ஊற்றும் பழக்கம் சில இடங்களில் உண்டு. வார்ப்பிரும்புக் கம்பி வெடித்துப் போகும், வேண்டாம்.

கயோலின் களிமண்ணும் உதவும். பேராக்கில் பீடோர், தாப்பா பக்கம் தோண்டுகிறார்கள். ஒரு டன் பெல்லட்டுக்கு 20 முதல் 30 கிலோ. பொட்டாசியத்தைப் பிடித்து, எளிதில் உருகாத சேர்மமாக்கிவிடும். பெல்லட் செய்யும்போதே கலந்தால்தான் முழுப் பலன். மேலே தூவுவதில் பாதி புகையோடு போய்விடும். ஆகவே சப்ளையரிடம் பேசுங்கள். குலையைத் தண்ணீரில் அலசிப் பிழிந்து பெல்லட் செய்கிறாரா என்றும் கேளுங்கள். பொட்டாசியமும் குளோரினும் பெரும்பாலும் நீரில் கரைபவை.

குளோரினை ஏன் சொல்கிறேன் என்றால், கிரேட்டில் தெரிவது பாதித் தொல்லைதான். பொட்டாசியம் குளோரைடு ஆவியாகி பாய்லர் டியூபில் வெள்ளையாகப் படியும். வெப்பத்தைத் தடுக்கும், உலோகத்தையும் அரிக்கும். அதே லோடில் (அதே அளவு நீராவி எடுக்கும்போது) புகைபோக்கிச் சூடு வழக்கத்தைவிட 30 டிகிரி கூடினால் டியூப் துலக்கும் நாள் வந்துவிட்டது.

இன்னொன்று. ஆய்வுக்கூடச் சான்றிதழ் காட்டினால், சாம்பலை எந்தச் சூட்டில் எடுத்தார்கள் என்று பாருங்கள். நிலக்கரிக்கு 815 டிகிரி. தாவர எரிபொருளுக்கு 550. பெல்லட்டை 815-இல் எரித்தால் பொட்டாசியத்தில் ஒரு பகுதி முன்பே பறந்துவிடும். மிச்சத்தை உருக்கிப் பார்த்து “நல்ல சாம்பல்” என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.

கேள்வி: உமிச் சாம்பல் சில மூட்டையில் கறுப்பாகவும் சிலதில் வெள்ளையாகவும் வருகிறது. சிமெண்டில் கலக்க எது நல்லது? — வாசகர், பட்டர்வொர்த்

பதில்: கறுப்பில் கரி மிச்சம் இருக்கிறது, கலவை தண்ணீரைக் குடிக்கும். வெள்ளை என்பதற்காக உடனே வாங்கிவிடவும் வேண்டாம். 700 டிகிரிக்குள் எரிந்த சாம்பலின் சிலிக்கா படிகமாகாமல் இருக்கும், சுண்ணாம்போடு வினைபுரியும். அதிகச் சூட்டில் எரிந்தது படிகமாகி மந்தமாகிவிடும். அதன் தூசி நுரையீரலுக்கும் ஆபத்து. வெளிர் சாம்பல் நிறத்தில், நைசாக அரைத்ததாகப் பார்த்து வாங்குங்கள். மூட்டையைப் பிரிக்கும்போது என்-95 முகக்கவசம் கட்டாயம்.

கேள்வி: கேட்டரிங் சமையலுக்கு நாற்காலித் தொழிற்சாலையின் ரப்பர் மரத் துண்டுகளை எரிக்கிறோம். சாம்பலை வீட்டுச் செடிகளுக்குப் போடலாமா? — வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: தோட்டத்தில் வெட்டிய பச்சை ரப்பர் விறகென்றால் தாராளமாகப் போடலாம். தொழிற்சாலைத் துண்டு என்றால் யோசிக்க வேண்டும். ரப்பர் மரத்தை வண்டு துளைக்காமலிருக்கப் போரான் மருந்தில் ஊறவைத்துத்தான் மேசை, நாற்காலி செய்கிறார்கள். எரித்தாலும் போரானில் பெரும்பகுதி சாம்பலில் தங்கும். செடிக்கு அது துளி போதும். மிஞ்சினால் இலையோரம் கருகும். பெயிண்ட், பசை, பிளாஸ்டிக் விளிம்பு ஒட்டிய துண்டை அடுப்பிலேயே வைக்காதீர்கள், சாப்பாட்டுக்கு அடியில் எரிகிற புகை அது.

நல்ல விறகுச் சாம்பல் கிடைத்தால் சதுர மீட்டருக்கு ஒரு கைப்பிடி, வருடத்துக்கு ஒரு முறை. மிளகாய், வாழை ஏற்கும். இட்லிப்பூச் செடிக்குச் சாம்பலின் காரத்தன்மை ஆகாது. யூரியா போட்ட வாரத்தில் தூவினால் தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும்.