கடிக்கிற நாய்க்கு ஷாக் பட்டை வாங்கலாமா?

கேள்வி: தென்னந்தோப்புக் காவலுக்கு இரண்டரை வயது வெள்ளை ராஜபாளையம் ஆண் நாய் வைத்திருக்கிறேன். பகலில் சங்கிலி, இரவில் அவிழ்த்துவிடுவோம். போன மாதம் காய் வெட்ட வந்த இருவரை, பின்பக்கமாகக் கடந்து போகும்போது கடித்துவிட்டது. கடைக்காரர் ஷாக் பட்டை (மின் அதிர்ச்சி கொடுக்கும் கழுத்துப்பட்டை) மாட்டச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். ஷாக் அடிக்கும் நேரத்தில் நாய் பார்த்துக்கொண்டிருப்பது காய் வெட்ட வந்தவரை. வலிக்குக் காரணம் அவர்தான் என்று பதிந்துவிட்டால், அடுத்த முறை தூரத்தில் கண்டாலே பாயும். உறுமினால் தண்டனை என்று பழகிய நாய் உறுமாமலே கடிக்கும். நாயைப் பார்க்காமலேயே பட்டையை விற்கிறவரிடம் யோசனை கேட்பதை நிறுத்துங்கள்.

கடிபட்டவர்கள் ரேபிஸ் ஊசி போட்டார்களா? இல்லையென்றால் இன்றே அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள். நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறது என்று விட்டுவிடக் கூடாது.

அடுத்து காது. வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு அதிகம். நாய் தூங்கும்போது பின்னால் நின்று, காற்றோ தரை அதிர்வோ படாமல் சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். காதுமடல்கூட அசையாவிட்டால், அது திடுக்கிட்டுக் கடித்திருக்கவே வாய்ப்பு அதிகம். அப்படியானால் எல்லோரும் அதன் பார்வையில் படும்படி முன்பக்கமாகவே வரவேண்டும். காதில் சீழ், இடுப்பு வலி இருக்கிறதா என்று கால்நடை மருத்துவரிடமும் காட்டுங்கள்.

முக்கியமான குற்றவாளி உங்கள் சங்கிலி. ஆட்கள் பக்கத்தில் நடக்கிறார்கள். நாயால் விலகவும் முடியாது, கிட்டே போய் மோப்பம் பிடிக்கவும் முடியாது. நாள் முழுக்க இப்படிக் கட்டிக்கிடந்தால் சாதுவான நாயும் மூர்க்கமாகிவிடும். நடைபாதைக்குத் தள்ளி, நிழலில், 10க்கு 20 அடியில் கம்பிவலை அடைப்புப் போடுங்கள். இந்த இனம் நன்றாகத் தாண்டும். உயரம் 7 அடி இருக்கட்டும். பாதையைப் பார்த்த பக்கத்தில் பச்சை நிழல்வலை கட்டுங்கள். காய் வெட்டு நாளில் நாய் உள்ளே, கதவுக்குப் பூட்டு.

பழக்கும்போது கூடை வடிவ வாய்ப்பூட்டு போடுங்கள். துணிப்பட்டை கட்டினால் நாய் வாய் திறந்து இரைக்க முடியாது, வெயிலில் ஆபத்து. முதலில் கூடைக்குள் தயிர்சாதம் தடவி, நாய் தானே மூக்கை நுழைக்க விடுங்கள். சில நாள் கழித்தே வாரை மாட்டலாம்.

பிறகு ஒருவரைத் தூரத்தில் நிறுத்துங்கள். நாய் அவரைப் பார்க்கும், ஆனால் விறைக்காது; அதுதான் சரியான தூரம். பார்த்ததும் நீங்கள் வேகவைத்த கோழித்துண்டைக் கூடை இடுக்கு வழியாகக் கொடுங்கள். அவர் மறைந்ததும் தீனியும் நிற்க வேண்டும். காலை, மாலை ஐந்தைந்து நிமிடம் போதும். தின்னாமல் முறைத்தால் கிட்டே வந்துவிட்டீர்கள் என்று பொருள், பின்னால் போங்கள். வந்தவர் கையால் தீனி கொடுக்கச் சொல்லாதீர்கள். கறி ஆசையில் நெருங்கிவிட்டு, தின்று முடித்ததும் பயந்து கடிக்கும்.

ஆண்மை நீக்கினால் அடங்கிவிடும் என்று சொல்வார்கள். பயத்தில் கடிக்கும் நாய்க்கு அது மருந்தல்ல. அதை நம்பி அடைப்புப் போடுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.