பனையோலை படபடப்பில் போன் சார்ஜ் ஆகுமா?

பூநகரி வாசகர் ஒருவரின் கேள்வி: "தோட்டக் கொட்டிலுக்குக் கரண்ட் இல்லை. சோளகம் அடிக்கும் மாதங்களில் பனையோலை இரவு பகலாகப் படபடக்கிறது. அதில் வளைந்தால் மின் தரும் பீசோ தகடு ஒட்டி போனுக்கு சார்ஜ் ஏற்றலாமா?"

போனுக்குப் போதாது. ஆனால் யோசனை நல்லது. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் இதைச் செய்தே பார்த்திருக்கிறார்கள். பிவிடிஎஃப் என்ற மெல்லிய பிளாஸ்டிக் தாளைக் காம்பாக்கி, நுனியில் இலை ஒன்றைத் தொங்கவிட்டார்கள். காற்றில் இலை ஆட, காம்பு வளைந்து நிமிரும். அந்த வளைவில் மின்னழுத்தம் பிறக்கும். காஸ் லைட்டரில் பொறி பறப்பதும் இந்தத் தத்துவத்தால்தான். கியூரி சகோதரர்கள் 1880இல் கண்டறிந்தது.

சிக்கல் அளவில். ஓர் இலை 1 மில்லிவாட் தருகிறது என்று தாராளமாகவே வைப்போம். போன் பற்றரி ஏறக்குறைய 15 வாட்மணி. காற்று ஒரு நிமிடமும் ஓயாமல் வீசினாலும் அது நிரம்ப 625 நாள் வேண்டும். காற்றில் குறையில்லை, அதே சோளகத்தில் மன்னார் தம்பபவனியின் 30 காற்றாலைகள் 103.5 மெகாவாட் வரை தருகின்றன. இலை பிடிக்கும் காற்றுத்தான் கொஞ்சம். ஆகவே போனுக்கு 10 வாட் சோலர் தகடு ஒன்று வாங்கிவிடுங்கள்.

மண் ஈரத்தை மணிக்கொரு தடவை அளந்து அனுப்பும் சின்னக் கருவிக்கு இந்த இலைகள் தாராளம். செய்து பார்ப்பதென்றால் பஸரில் வரும் பீங்கான் தகடு வேண்டாம், அடிக்கடி வளைந்தால் விரிசல் விட்டுவிடும். பிவிடிஎஃப் பட்டியே சரி. அதை ஓலை நுனியில் ஒட்டாதீர்கள். நுனி அதிகம் ஆடும், ஆனால் வளைவது அடிப்பக்கம்தான். மின் பிறப்பதும் அங்கேதான்.

பட்டிக்கு முன்னால் 5 சென்ரிமீற்றர் குழாய் ஒன்றை நட்டால், விநாடிக்கு 5 மீற்றர் காற்றில் அதன் பின்னால் விநாடிக்கு 20 தடவை சுழல் கிளம்பும். பட்டியின் இயல்பான ஆட்டமும் அதே வேகத்தில் இருந்தால் வீச்சு பெருகும். பட்டியின் ஆட்டம் அதைவிட வேகமாக இருந்தால் நுனியில் சிறு பாரம் கட்டிக் குறைக்கலாம்.

அப்புறம், பட்டிகளை நேரடியாக ஒன்றோடொன்று இணைக்காதீர்கள். ஒன்று இந்தப் பக்கம் வளையும்போது மற்றது அந்தப் பக்கம் வளைந்து, மின் ஒன்றையொன்று அழித்துவிடும். ஒவ்வொன்றுக்கும் மின்னை ஒரே திசைக்குத் திருப்பும் நான்கு டயோட் வைத்து, பிறகு மின்னைச் சேமிக்கும் ஒரே கப்பாசிட்டரில் சேருங்கள். கடற்கரைக் காற்றில் உப்பு இருப்பதால் இணைப்புகளை சிலிக்கோன் பசை பூசி மூடுங்கள்.